பச்சை விளக்கு சொல்லாதது: புகை டிடெக்டரை ஃபயர் பேனலில் இணைக்கும் முறை

வீட்டு வயரிங் செய்து பழகியவர் ஃபயர் அலாரம் வேலைக்கு வந்தால், அநேகமாக முதல் வாரத்திலேயே ஒரு தவறு செய்துவிடுவார். நானும் செய்தேன். இரண்டு வயர்தானே என்று நினைத்து, பக்கத்து அறைக்கு ஓடிய டிடெக்டர் லைனிலிருந்து ஒரு கிளை இழுத்துப் புதிய டிடெக்டரை மாட்டினேன். பேனலில் பச்சை விளக்கு எரிந்தது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஏணியில் ஏறி, நான் மாட்டிய டிடெக்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இப்போது பேனல் என்ன சொல்கிறது, போய்ப் பார்" என்றார். பார்த்தேன். அதே பச்சை விளக்கு.

பல்பு இணைப்பில் தவறு இருந்தால் பல்பு எரியாது, உடனே தெரிந்துவிடும். டிடெக்டர் அப்படியில்லை. வருடக்கணக்கில் சும்மா இருப்பதுதான் அதன் வேலை. ஒழுங்காக இணைத்த டிடெக்டரும் சும்மா இருக்கும், வயரே அறுந்துபோன டிடெக்டரும் சும்மா இருக்கும். கீழே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். அந்த இரண்டையும் பேனல் பிரித்தறிய வேண்டும் என்பதற்காகவே இந்த வயரிங்கில் இத்தனை விதிகள். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இங்கே நான் விளக்கப்போவது 24 வோல்ட் கன்வென்ஷனல் பேனலில், அதாவது டிடெக்டர்களைத் தனித்தனியாக அல்லாமல் குழுவாகப் பார்க்கும் பேனலில், இரண்டு வயர் டிடெக்டர்களை இணைப்பது. நான்கு வயர் டிடெக்டர், அட்ரஸபிள் பேனல் ஆகியவை பற்றிப் பின்னால் கொஞ்சம் வரும்.

தொடங்குவதற்கு முன் இரண்டு எச்சரிக்கைகள். பேனலுக்கு வரும் 230 வோல்ட் அல்லது 120 வோல்ட் மெயின்ஸ் இணைப்பை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் செய்யட்டும். அதைவிட முக்கியமானது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பேனலைத் தொடுகிறீர்கள் என்றால், அதன் வெளியீடுகளில் என்னென்ன தொங்கிக்கொண்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். வாயு அடித்துத் தீயணைக்கும் அமைப்பு, லிஃப்ட், ஏசி நிறுத்தும் ரிலே, தீயணைப்பு நிலையத்துக்குப் போகும் இணைப்பு என எதுவும் இருக்கலாம். அவற்றைத் தனிமைப்படுத்திவிட்டு, கட்டடத்தில் இருப்பவர்களிடமும் சொல்லிவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டும்.

பேனல் எதைப் பார்க்கிறது

பேனலுக்குப் புகையும் தெரியாது, டிடெக்டரும் தெரியாது. ஒவ்வொரு ஸோனிலும், அதாவது ஒரே ஜோடி வயரில் வரும் டிடெக்டர் குழுவிலும், எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

ஸோனின் இரண்டு வயர்களும் டிடெக்டர் டிடெக்டராகப் போய், கடைசி டிடெக்டரில் ஒரு ரெசிஸ்டரோடு முடிகின்றன. அதுதான் எண்ட் ஆஃப் லைன் ரெசிஸ்டர். எல்லோரும் இஓஎல் என்று சுருக்கிச் சொல்வார்கள். 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். 24 வோல்ட்டை 4,700 ஓமால் வகுத்தால் ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியர் வரும். இந்த 5 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்வரை, வயர் கடைசிவரை அறுபடாமல் இருக்கிறது என்று பேனல் எடுத்துக்கொள்கிறது.

நடுவில் எங்கேயாவது வயர் அறுந்தால் அந்த மின்னோட்டம் நின்றுவிடும். பேனல் ஃபால்ட் காட்டும். டிடெக்டர் புகையை உணர்ந்தால் இரண்டு வயர்களுக்கும் இடையே தன்னை ஒரு சிறிய ரெசிஸ்டர் போல ஆக்கிக்கொள்ளும். மின்னோட்டம் பல பத்து மில்லி ஆம்பியருக்கு ஏறும். பேனல் ஃபயர் காட்டும். இரண்டு வயர்களும் நேரடியாக ஒன்றையொன்று தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது பேனலைப் பொறுத்தது. வட அமெரிக்க வகைப் பேனல்களில் ஷார்ட் என்றால் பொதுவாக ஃபயர். ஐரோப்பாவின் இஎன் 54 தரத்தில் வரும் பேனல்கள் ஷார்ட்டைப் பொதுவாக ஃபால்ட் என்று தனியாகக் காட்டும். அதனால்தான் அந்த வகைப் பேனல்களோடு வரும் மேனுவல் கால் பாயின்ட்டுக்குள் (தீயைக் கண்டவர் கையால் அழுத்தும் பெட்டி) 470 ஓம் அல்லது 680 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். அதை விட்டுவிட்டு வெறும் சுவிட்சை மாட்டினால், ஆபத்தில் ஒருவர் கண்ணாடியை உடைத்து அழுத்தும்போது பேனல் 'வயர் கெட்டுவிட்டது' என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

பொருள் வாங்கும்போது

எந்த டிடெக்டரும் எந்தப் பேனலோடும் சேரும் என்று நினைக்காதீர்கள். இரண்டு வயர் டிடெக்டர் தனக்கு வேண்டிய மின்சாரத்தையும் அதே ஸோன் வயரிலிருந்துதான் எடுக்கிறது. ஆகவே பேனலும் டிடெக்டரும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பேனல் கையேட்டில் பொருந்தும் டிடெக்டர்களின் பட்டியலும், ஒரு ஸோனில் எத்தனை டிடெக்டர் வரை மாட்டலாம் என்ற எண்ணும் இருக்கும். இருபது என்பது அடிக்கடி காணும் எண். உங்கள் கையேடு சொல்வதுதான் கணக்கு.

அந்த எண் ஏன் இருக்கிறது? சும்மா இருக்கும்போதும் ஒரு டிடெக்டர் 0.1 மில்லி ஆம்பியருக்குக் கீழே, அல்லது அந்த அளவுக்கு, மின்சாரம் எடுக்கும். இருபது சேர்ந்தால் 2 மில்லி ஆம்பியர். நாற்பதை மாட்டினால் 4 மில்லி ஆம்பியர். கடைசியில் இருக்கும் இஓஎல் தனியாக எடுப்பதே 5 தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இஓஎல் கழன்று விழுந்தாலும் டிடெக்டர்கள் எடுக்கும் மின்னோட்டத்தையே பார்த்துப் பேனல் 'வயர் சரியாகத்தான் இருக்கிறது' என்று நம்பிவிடக்கூடும்.

இஓஎல் மதிப்பும் பேனலுக்குப் பேனல் மாறும்: 2.2, 3.9, 4.7, 6.8, 10 கிலோ ஓம் என்று பலவிதம் உண்டு. சில பேனல்கள் ரெசிஸ்டருக்குப் பதில் கெபாசிட்டரோ தனி மாட்யூலோ கேட்கும். பேனல் பெட்டிக்குள் சின்ன பிளாஸ்டிக் பையில் இஓஎல்கள் வரும். அந்தப் பையைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்துங்கள். பாதி வேலை முடிந்தபின் அதைத் தேடி அலைவது இந்தத் தொழிலில் அனைவருக்கும் நேர்ந்த அனுபவம்.

எங்கே மாட்டுவது

இது தனிக் கட்டுரைக்குரிய விஷயம் என்பதால் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். சமதளக் கூரையில், அறையின் எந்த இடமும் ஏதாவது ஒரு புகை டிடெக்டரிலிருந்து 7.5 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று பிரிட்டனின் பிஎஸ் 5839 சொல்கிறது. அமெரிக்காவின் என்எஃப்பிஏ 72 இரண்டு டிடெக்டர்களுக்கு இடையே 30 அடி, அதாவது சுமார் 9.1 மீட்டர் என்பதை அடிப்படையாக வைக்கிறது. உங்கள் நாட்டு விதி எதுவோ அதைப் பாருங்கள். ஏசி காற்று வெளிவரும் துளையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி மாட்டுங்கள். அந்தக் காற்று புகையை டிடெக்டருக்குள் நுழையவிடாமல் தள்ளிவிடும். சமையலறையிலும் குளியலறை வாசலிலும் புகை டிடெக்டர் வேண்டாம். சமையலறைக்கு ஹீட் டிடெக்டர் இருக்கிறது. பேஸைத் (டிடெக்டர் உட்காரும் அடித்தட்டு) திருகும்போது டிடெக்டரின் சிவப்பு விளக்கு கதவுப் பக்கம் தெரியும்படி திருப்பி வையுங்கள்.

கேபிள்

1.5 சதுர மி.மீ. செம்பு, இரண்டு கோர், தீயைத் தாங்கும் வகை. பெரும்பாலான கட்டடங்களுக்கு இது போதும். இந்த அளவு செம்புக் கம்பியின் தடை கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். பேனலிலிருந்து கடைசி டிடெக்டர் வரை 200 மீட்டர் என்றால், போய்வரும் நீளம் 400 மீட்டர், தடை ஏறத்தாழ 5 ஓம். ஒரு ஸோனுக்கு எத்தனை ஓம் வரை போகலாம் என்று கையேட்டில் இருக்கும். 5 ஓம் என்பது எந்தப் பேனலையும் தொந்தரவு செய்யாது. பிரச்சினை வருவது கேபிள் நீளத்தால் அல்ல, இடையில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டுகளால்தான். இன்று அரை ஓம் காட்டும் ஜாயின்ட் இரண்டு மழைக்காலம் போனபின் ஐம்பது ஓம் காட்டும். ஜாயின்ட் தேவையென்றால் அது டிடெக்டர் பேஸின் டெர்மினலில் மட்டும் இருக்கட்டும்.

பவர் கேபிள் ஓடும் பைப்பிலேயே இதையும் நுழைக்காதீர்கள். ஷீல்டு கேபிள் என்றால், ஷீல்டை ஒவ்வொரு பேஸிலும் ஒன்றோடொன்று இணைத்து, எதிலும் படாமல் ஸ்லீவ் போட்டு, பேனல் முனையில் மட்டும் எர்த்தில் கொடுங்கள். இரண்டு முனையிலும் எர்த் கொடுத்தால் ஷீல்டே இரைச்சலைச் சுமந்துவரும்.

கேபிள் இழுத்து முடித்ததும், பேஸ் மாட்டுவதற்கு முன்பே, மெக்கர் (காப்பின் தடையை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். 500 வோல்ட்டில் கோருக்குக் கோர், ஒவ்வொரு கோருக்கும் எர்த்துக்கும் இடையே. பல மெகா ஓம் காட்ட வேண்டும். இந்த நேரத்தை விட்டால் பிறகு மெக்கர் வைக்க நல்ல சந்தர்ப்பம் கிடையாது. டிடெக்டரோ பேனலோ இணைந்திருக்கும்போது மெக்கர் கைப்பிடியைச் சுற்றினால் அவற்றின் உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் அந்த 500 வோல்ட்டைத் தாங்காது. ஒரே சுற்றில் ஒரு ஸோன் முழுவதையும் காலி செய்தவர்கள் உண்டு.

பேஸில் வயர் கட்டுவது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்போம். மொத்த வேலையின் தரமும் இந்த இரண்டு மூன்று ஸ்க்ரூவில்தான் இருக்கிறது.

ஒரு பேஸுக்கு ஒரு கேபிள் பேனல் பக்கமிருந்து வருகிறது, இன்னொன்று அடுத்த பேஸுக்குப் போகிறது. ஆக இரண்டு பாசிட்டிவ் வயர், இரண்டு நெகட்டிவ் வயர். ஒரு துருவத்துக்கு ஒரே டெர்மினல் இருக்கும். வரும் வயரும் போகும் வயரும் அதில் சேர்ந்து உட்காரும். இன்னொரு துருவத்துக்கு உள்ளே, வெளியே என இரண்டு டெர்மினல் இருக்கும். இந்த இரண்டையும் இணைப்பது பேஸ் அல்ல, பேஸில் உட்காரும் டிடெக்டர். டிடெக்டரைச் சுழற்றிக் கழற்றினால் அந்த இணைப்பு அறும், கடைசியிலிருக்கும் இஓஎல் பேனலிலிருந்து துண்டிக்கப்படும், பேனல் ஃபால்ட் காட்டும். என் முதல் வாரத்து டிடெக்டரைக் கழற்றியபோது பேனல் மௌனமாக இருந்ததற்குக் காரணம் இதுதான். கிளையில் மாட்டியதால் அது மின்னோட்டத்தின் பாதையிலேயே இல்லை. கன்வென்ஷனல் ஸோனில் கிளை என்பதே கிடையாது. ஒரு டிடெக்டரிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு, பூத்தொடுப்பதைப் போல ஒரே சரமாகப் போக வேண்டும்.

எந்த டெர்மினலுக்கு எந்தத் துருவம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒன்றில் பாசிட்டிவ் வழியாக உள்ளே வெளியே இருக்கும், இன்னொன்றில் நெகட்டிவ் வழியாக இருக்கும். பேஸோடு வரும் தாளைப் பாருங்கள். நினைவிலிருந்து கட்டாதீர்கள், இருபது வருடம் கழித்தும் நான் அந்தத் தாளைப் பார்த்துத்தான் கட்டுகிறேன்.

இரண்டு வயர்கள் ஒரே டெர்மினலில் சேரும் இடத்தில் பெரும்பாலானோர் செய்யும் சோம்பேறித்தனம் ஒன்று உண்டு. வயரை வெட்டாமல், நடுவில் ஒரு சென்டிமீட்டர் காப்பை மட்டும் உரித்து, வளைத்து ஸ்க்ரூவுக்கு அடியில் மாட்டி இறுக்கிவிடுவார்கள். வேகமான வேலை, பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் நாளை அந்த ஸ்க்ரூ தளர்ந்து வளையம் நழுவி வெளியே வந்துவிட்டால்? வயர் எங்கும் அறுபடவில்லை. மின்னோட்டம் வழக்கம்போல் இஓஎல் வரை போய் வருகிறது. பேனல் பச்சை. டிடெக்டருக்கு மட்டும் மின்சாரம் இல்லை. ஆகவே வயரை வெட்டுங்கள். இரண்டு முனைகளையும் 8 முதல் 10 மி.மீ. உரித்து, ஸ்க்ரூவின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக, தகட்டுக்கு அடியில் வைத்து இறுக்குங்கள். முறுக்கி ஒன்றாக்க வேண்டாம். இறுக்கியபின் ஒவ்வொரு வயரையும் தனியாக இழுத்துப் பாருங்கள். அசைந்தால் மறுபடி இறுக்குங்கள்.

அடுத்து, துருவம். சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ் என்று முதலிலேயே முடிவுசெய்து கடைசிவரை மாற்றாமல் போங்கள். இஓஎல் ரெசிஸ்டருக்குத் துருவம் கிடையாது. எந்தப் பக்கம் மின்சாரம் வந்தாலும் அதே 5 மில்லி ஆம்பியரை ஓடவிடும். ஆனால் பல டிடெக்டர்களுக்குத் துருவம் உண்டு. ஒரு பேஸில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால் அந்த டிடெக்டரும், அந்தத் தவறு தொடர்ந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாமும் செத்துக் கிடக்கும், பேனல் அப்போதும் பச்சைதான். பேனலை இயக்கியபின், டிடெக்டர் மாட்டும்போதே ஒவ்வொரு பேஸிலும் மீட்டரை வைத்து, திரையில் மைனஸ் குறி வராமல் வோல்ட் காட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு பேஸுக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

கடைசி பேஸில், வெளியே போகும் டெர்மினலுக்கும் எதிர்த் துருவ டெர்மினலுக்கும் இடையே இஓஎல்லை மாட்டுங்கள். 4.7 கிலோ ஓம் என்றால் நிறக் கோடுகள் மஞ்சள், ஊதா, சிவப்பு, பிறகு தங்கம். அதன் இரு கால்களுக்கும் ஸ்லீவ் போடுங்கள்; பேஸின் உலோகத் தகட்டில் தற்செயலாக உரசினால் அது தேவையற்ற தலைவலி. அந்தப் பேஸின் மேல் 'இஓஎல்' என்று எழுதி ஒட்டுங்கள்.

இங்கே ஒரு பழைய கதை. சில டிடெக்டர்களைக் கூட்டுவதற்காக ஒரு கட்டடத்துக்குப் போயிருந்தேன். பேனல் கதவைத் திறந்தால் நான்கு ஸோன்களின் டெர்மினல்களிலும் நான்கு இஓஎல்கள் வரிசையாக மாட்டியிருந்தன, பேனலுக்குள்ளேயே. யாரோ ஃபால்ட் தீர்க்க முடியாமல், இஓஎல்லைக் கொண்டுவந்து பேனலிலேயே சொருகி ஃபால்ட்டை 'சரிசெய்து' விட்டுப் போயிருக்கிறார். மூன்றாவது ஸோனின் கேபிளை இழுத்துப் பார்த்தேன்; முழங்கை நீளத்தில் கையோடு வந்துவிட்டது. மறுமுனையில் எதுவுமே இல்லை. அந்தத் தளத்துக் கூரையில் பதினொரு டிடெக்டர்கள் பளபளவென்று இருந்தன. பேனலிலும் ஒரு குறையும் சொல்ல முடியாது. தன்னிடம் கொடுத்த 4.7 கிலோ ஓமை அது ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பேனலை எழுப்புவது

வயரிங் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பேனலில் சொருகிப் பவர் போடுவது புதியவர்களின் ஆசை. பதினைந்து ஃபால்ட் விளக்குகள் ஒன்றாகச் சிமிட்டும்போது எங்கே தொடங்குவது என்று தெரியாது. இந்த வரிசையில் போங்கள்:

1. ஸோன் வயர் எதையும் இணைக்காமல், ஒவ்வொரு ஸோன் டெர்மினலிலும் ஹூட்டர் (அலாரம் ஒலிப்பான்) டெர்மினலிலும் பேனலோடு வந்த இஓஎல்லைத் தற்காலிகமாக மாட்டுங்கள்.

2. மெயின்ஸையும் பேட்டரியையும் கையேடு சொல்லும் வரிசையில் இணைத்துப் பேனலை இயக்குங்கள். 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக வரும்: ஒன்றின் பாசிட்டிவ் மற்றதன் நெகட்டிவோடு. இப்போது பேனல் எந்தக் குறையும் காட்டக் கூடாது. காட்டினால் கோளாறு பேனலிலேயே இருக்கிறது. கூரையில் ஏறித் தேட வேண்டாம்.

3. பவரை நிறுத்துங்கள். முதல் ஸோனின் கேபிளை மீட்டரால் அளந்து பாருங்கள். டிடெக்டர்கள் மாட்டுவதற்கு முன்பும் லைன் தொடர்ந்திருக்க, சில பேஸ்களில் ஒரு சிறிய ஸ்பிரிங் தகடு இருக்கும். உங்கள் பேஸில் அது இல்லையென்றால் உள்ளே வெளியே டெர்மினல்களைச் சிறு வயரால் தற்காலிகமாக இணைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் இஓஎல் மதிப்போடு சில ஓம் கூட்டிக் காட்ட வேண்டும். 4.7 கிலோ ஓம் என்றால் 4.6 முதல் 4.8 வரை நல்லது. பாதி காட்டினால் எங்கோ இரண்டு இஓஎல் மாட்டியிருக்கிறீர்கள்.

4. பேனலில் முதல் ஸோனின் தற்காலிக இஓஎல்லைக் கழற்றி, அந்த இடத்தில் கேபிளை இணையுங்கள். பவர் போட்டு, ஒவ்வொரு பேஸிலும் துருவத்தைப் பார்த்து, தற்காலிக வயர் இருந்தால் எடுத்துவிட்டு டிடெக்டரை மாட்டுங்கள். ஸோன் அமைதியாக இருந்தால் அடுத்த ஸோனுக்குப் போங்கள்.

ஹூட்டர் லைனிலும் இதே இஓஎல் தத்துவம்தான், ஒரே ஒரு வேறுபாட்டோடு. அமைதியான நேரத்தில் பேனல் அந்த லைனைத் தலைகீழ்த் துருவத்தில் கண்காணிக்கும். தீ என்றால் துருவத்தைத் திருப்பி ஹூட்டரை ஒலிக்கவைக்கும். ஆகவே அமைதி நேரத்தில் ஹூட்டரில் மைனஸ் குறியோடு வோல்ட் தெரிந்தால் பதற வேண்டாம்.

பேட்டரி அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. அமைதி நேரத்தில் பேனல் எடுப்பது 0.12 ஆம்பியர், அலாரத்தில் 1 ஆம்பியர் என்றால்: 24 மணி நேரத்துக்கு 2.88, அரை மணி நேர ஒலிக்கு 0.5, மொத்தம் 3.38 ஆம்பியர் மணி. பேட்டரி வயதாகும் என்பதற்காக நான்கில் ஒரு பங்கு கூட்டினால் 4.2. கடையில் கிடைக்கும் 7 ஆம்பியர் மணி பேட்டரி இதற்குத் தாராளம். எத்தனை மணி நேரம் என்பது விதிக்கு விதி மாறும். என்எஃப்பிஏ 72 பொதுவான அமைப்புகளுக்கு 24 மணி நேரமும் அதன்பின் 5 நிமிட ஒலியும் கேட்கிறது.

சோதனை

பச்சை விளக்கு வயரைப் பற்றி மட்டுமே பேசும் என்று இதற்குள் தெரிந்திருக்கும். டிடெக்டர் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கப் புகையைத்தான் அனுப்ப வேண்டும்.

ஒவ்வொரு ஸோனிலும் கடைசி பேஸுக்குப் போய் இஓஎல்லின் ஒரு காலைக் கழற்றுங்கள். ஃபால்ட் வர வேண்டும். மாட்டுங்கள். நடுவில் ஏதாவது ஒரு டிடெக்டரைக் கழற்றுங்கள். மறுபடி ஃபால்ட். பிறகு ஒவ்வொரு டிடெக்டருக்கும், மாதிரிக்கு நான்கைந்து அல்ல, எல்லாவற்றுக்கும், சோதனைக்கென்று விற்கும் புகை ஸ்பிரேயைக் கம்பின் நுனியிலிருந்து செலுத்துங்கள். டிடெக்டரின் சிவப்பு விளக்கு நிலையாக எரிய வேண்டும். பேனலில் சரியான ஸோன் காட்ட வேண்டும். காகிதம் கொளுத்தியோ ஊதுபத்தி காட்டியோ சோதிக்காதீர்கள். உள்ளே படியும் கரியும் பிசினும் பிறகு பொய் அலாரமாக வந்து நிற்கும். காந்தம் வைத்துச் சோதிக்கும் வசதி சில டிடெக்டர்களில் உண்டு. அது உள்ளேயிருக்கும் மின்சுற்றை மட்டும் சோதிக்கும். டிடெக்டர் மேல் பெயின்டர் போர்த்திய பிளாஸ்டிக் உறை இன்னும் இருந்தாலும் காந்தச் சோதனையில் அது வெற்றிகரமாகத் தேறிவிடும்.

அந்த மஞ்சள் அல்லது சிவப்பு உறையைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டட வேலை முடியும்வரை அது டிடெக்டர் மேல் இருப்பது நல்லது. சிமென்ட் தூசி உள்ளே போகாது. வேலை முடிந்த அன்று எத்தனை டிடெக்டரோ அத்தனை உறைகளையும் எண்ணிக் கையில் வாங்குங்கள். எண்ணிக்கை ஒன்று குறைந்தால் எங்கோ ஒரு டிடெக்டர் கண் கட்டப்பட்டு இருக்கிறது.

ரீசெட் அழுத்தும்போது பேனல் ஸோனின் மின்சாரத்தைச் சில விநாடிகள் நிறுத்தித் தருகிறது. அப்போதுதான் டிடெக்டர் தன் அலாரத்தை விடும். அறைக்குள் ஸ்பிரே புகை மிச்சமிருந்தால் மறுபடி அடிக்கும். அது கோளாறு அல்ல, ஜன்னலைத் திறந்துவிட்டுச் சற்றுப் பொறுங்கள்.

ஃபால்ட்டைத் தேடுவது

இருபது டிடெக்டர் உள்ள ஸோனில் லைன் அறுந்திருக்கிறது. ஒன்றிலிருந்து இருபது வரை ஏணியோடு நடக்காதீர்கள். பத்தாவது பேஸுக்குப் போங்கள். வெளியே போகும் வயர்களைக் கழற்றி, அங்கே ஒரு இஓஎல் வையுங்கள். ஃபால்ட் போய்விட்டால் கோளாறு பத்துக்கு அப்பால். போகவில்லை என்றால் பத்துக்கு இப்பால். அடுத்து அந்தப் பாதியின் பாதி. நான்கைந்து தடவை ஏறி இறங்கினால் இடம் பிடிபடும்.

எர்த் ஃபால்ட் என்று வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பைப் முனைகளையும் கேபிள் கிளாண்டுகளையும் (கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அதைப் பிடிக்கும் பகுதி). காப்பு உரசிக் கிழிவது பெரும்பாலும் அங்கேதான். அடுத்து, பேஸைக் கூரையில் அறைந்த ஸ்க்ரூ ஏதாவது வயரைக் குத்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

நான்கு வயரும் அட்ரஸபிளும்

நான்கு வயர் டிடெக்டரில் மின்சாரத்துக்கு இரண்டு வயர், செய்திக்கு இரண்டு வயர். செய்தி வயரில் டிடெக்டரின் ரிலே, சாதாரணமாகத் திறந்த காண்டாக்ட்டாக, ஸோனின் குறுக்கே அமரும். மின்சார வயரைப் பேனலின் ரீசெட் ஆகும் 24 வோல்ட் வெளியீட்டிலிருந்து எடுங்கள். நிரந்தர வெளியீட்டில் எடுத்தால் ரீசெட் அழுத்தினாலும் டிடெக்டர் அலாரத்தை விடாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. செய்தி லைனில் இஓஎல் ஒழுங்காக இருக்கும், ஆனால் மின்சார லைன் அறுந்திருக்கலாம். அதற்காகக் கடைசி டிடெக்டருக்குப் பின் மின்சார லைனில் ஒரு கண்காணிப்பு ரிலே மாட்டுவார்கள். மின்சாரம் இருக்கும்வரை அதன் காண்டாக்ட் மூடியிருக்கும். அந்தக் காண்டாக்ட்டை இஓஎல்லோடு தொடராகப் போட்டால், மின்சாரம் போனதும் இஓஎல்லும் துண்டிக்கப்பட்டு பேனல் கத்தும்.

அட்ரஸபிள் பேனலில் இந்த இஓஎல் கதை முடிந்துவிடுகிறது. லூப்பில் இருக்கும் ஒவ்வொரு டிடெக்டருக்கும் ஓர் எண் உண்டு. பேனல் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருகைப்பதிவு எடுக்கும். இரண்டு வயர்கள் பேனலிலிருந்து கிளம்பி எல்லா டிடெக்டர்களையும் சுற்றிப் பேனலுக்கே திரும்பி வரும். ஓரிடத்தில் அறுந்தாலும் இரு பக்கமிருந்தும் எல்லோரையும் எட்ட முடியும். நடுநடுவே ஐசொலேட்டர்கள் (ஷார்ட் ஆன பகுதியைத் துண்டிப்பவை) போட்டால் ஒரு ஷார்ட் முழு லூப்பையும் இழுத்துக்கொண்டு போகாது. புதியவர்கள் இங்கே செய்யும் தவறு ஒரே எண்ணை இரண்டு டிடெக்டருக்கு வைப்பது. மாட்டும்போதே வரைபடத்தில் எண்ணை எழுதிக்கொண்டு போனால் இது நேராது. கன்வென்ஷனல் டிடெக்டரை நேரடியாக லூப்பில் மாட்ட முடியாது. அதற்கு இடையில் ஒரு ஸோன் மாட்யூல் வேண்டும், அந்த மாட்யூலுக்குப் பின்னால் மறுபடி இஓஎல் வந்துவிடும்.

கடைசியாக ஒரு தாள்

ஏணியை மடிப்பதற்கு முன் ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: ஸோன் எண், அதில் அடங்கும் அறைகள், டிடெக்டர் எண்ணிக்கை, இஓஎல் மதிப்பு, இஓஎல் எந்த அறையின் எந்த டிடெக்டருக்குப் பின்னால் இருக்கிறது, அன்று மீட்டர் காட்டிய ஓம், பேட்டரி மாட்டிய தேதி. பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். ஆறு வருடம் கழித்து ஒருவர் இரவு இரண்டு மணிக்கு ஃபால்ட் தேட வருவார். அந்தத் தாள் இல்லையென்றால், இஓஎல்லைக் கொண்டுவந்து பேனலிலேயே சொருகிவிட்டுப் போக அவருக்கும் கை துறுதுறுக்கும்.